குமிழியின் கணக்கு: குமரி மாவட்டத்து வயலும் குளமும் விடும் மீத்தேன்

கும்பப்பூ போக நெல்லை நட்டு மூன்று வாரம் கழித்துக் களை பறிக்க வயலில் இறங்கியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். தொழிக்குள் (உழுது குழைத்த சேற்றுக்குள்) காலை வைத்ததும் கெண்டைக்காலைச் சுற்றிக் குமிழிகள் பொங்கி வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடுத்த அடி எடுத்து வைத்தால் மறுபடியும். நட்ட முதல் வாரத்தில் இப்படி வராது. அறுப்புக்கு முன் வயலை வாட விட்ட பிறகும் வராது. இடைப்பட்ட நாட்களில் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டால், பருவநிலை மாற்றத்தின் ஒரு முக்கியமான பகுதிக்குள் வரப்பு வழியாகவே நுழைந்துவிடலாம்.

அந்தக் குமிழியில் கணிசமான பங்கு மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. 1776-ல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. பிற்பாடு மின்கலம் செய்தாரே, அதே வோல்ட்டாதான். தேரூர் குளத்தங்கரையில் நின்று கம்பால் சேற்றைக் குத்தினாலும் வருவது அதுவே. (இரவில் வயற்காட்டில் அலையும் கொள்ளிவாய்ப் பிசாசும் இந்த வாயுதான் என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்லுவார். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது, பற்றவைக்க வேறு ஏதாவது வேண்டும். ஆகவே பிசாசை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.)

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் எழுநூற்றுச் சொச்சம்தான் மீத்தேன். இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. அளவில் சொற்பம்தான், ஆனால் வேலை பெரியது. ஒரு டன் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஒரு டன் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரே ஆறுதல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது காற்றிலேயே சிதைந்துவிடும். அதனால் இதைக் குறைத்தால் பலன் நம் ஆயுசுக்குள்ளேயே தெரியும். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பதாக நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதி எடுத்தன. இந்தியா அதில் சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பங்கு மாட்டிலிருந்தும் நெல்லிலிருந்தும் வருகிறது, அது சிறு விவசாயிகளின் பிழைப்பு என்பது அரசின் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது.

எண்ணெய்க் கிணற்றிலோ எரிவாயுக் குழாயிலோ கசிவு என்றால் போய் அடைத்துவிடலாம். குளத்தையும் வயலையும் அப்படி அடைக்க முடியாது. மழை, வெயில், உப்பு, மேலே இருந்து வரும் கழிவு என ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அவற்றின் வெளியீடு ஏறி இறங்கும். வெப்பமயமாவதற்கு அவை ஒரு காரணம். வெப்பமயமானால் மாறுவதும் அவைதான்.

சரி, சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

மீத்தேனை உண்டாக்குபவை ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பார்வைக்குப் பாக்டீரியா போல இருக்கும், ஆனால் அது தனிக் குலம் என்று 1977-ல் கார்ல் வோஸ் பிரித்துக் காட்டினார். ஆக்சிஜன் பட்டால் இவற்றுக்கு ஆகாது. வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்போதும் மீத்தேன் உடனே கிளம்பாது. மண்ணில் மட்கும் பொருளைத் தின்ன வேறு நுண்ணுயிர்கள் முன்னால் நிற்கின்றன. முதலில் நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடுபவை, அப்புறம் இரும்புத் துருவை வைத்து மூச்சுவிடுபவை, அதற்கும் அப்புறம் சல்ஃபேட்டை வைத்து மூச்சுவிடுபவை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திதான் ஆர்க்கியாவுக்கு. முன்பந்திக்காரர்கள் கைகழுவிப் போன பிறகே இவற்றுக்கு இலை விழும். அதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். முதல் வாரத்தில் குமிழி இல்லாதது இதனால்தான். வயலை இடையில் காய விட்டால் காற்று உள்ளே போய், பந்தி முதலிலிருந்து தொடங்கும்.

இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் நம் மாவட்டத்தின் வெவ்வேறு மண் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்வது புரியும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு ஏராளம். அங்கே இரும்புப் பந்தி முடியவே நேரமாகும், மீத்தேன் தாமதமாகத் தொடங்கும். வாய்க்கால் ஓரத்தில் தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி பளபளக்கும் செம்படலத்தைப் பார்த்து யாரோ டீசல் ஊற்றிவிட்டார்கள் என்று நினைப்போம் அல்லவா? பெரும்பாலும் அது கரைந்து வந்த இரும்பு காற்றுப்பட்டு மறுபடி துருவாகிறது. குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் பிளந்த இடம் மறுபடி கூடிக்கொள்ளும், இரும்புப் படலம் ஓடு உடைவதுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும்.

உண்டான வாயு வெளியே வருவது தனிக் கதை. தோவாளைப் பூச்சந்தையில் தாமரை வாங்கினால் ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே துளைத்துளையாகக் குழாய்கள். ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். வெயில் ஏற ஏற இலைக்குள் காற்றழுத்தம் கூடி, அந்தக் காற்று தண்டு வழியே சேற்றுக்குள் இருக்கும் கிழங்கு வரை இறங்குகிறது. வேர் மூச்சுவிட இது தாமரை செய்துகொண்ட ஏற்பாடு. திரும்பி வரும்போது சேற்றின் மீத்தேனும் கூடவே ஏறி வெளியே போய்விடுகிறது. நெல்லிலும் இதே மாதிரிக் காற்றறைகள் உண்டு. நெல்வயல் விடும் மீத்தேனில் பெரும்பகுதி, சில அளவீடுகளில் 90 சதவீதம் வரை, பயிரின் உடம்பு வழியாகவே போகிறது. காலைச் சுற்றிப் பொங்கியதைப் பார்த்துத் திகைத்தோமே, அது சில்லறை. மொத்த வியாபாரம் கண்ணுக்குத் தெரியாமல் தோள்பக்கத்தில் நடக்கிறது.

குழாய் இருவழிப் பாதை என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கீழே இறங்கும் ஆக்சிஜன் வேரைச் சுற்றி மெல்லிய உறைபோல் நிற்கும். அங்கே மீத்தேனையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உண்டாவதில் ஒரு நல்ல பங்கை இவை தின்றுவிடுவதால் மிச்சம்தான் காற்றுக்கு வருகிறது. ஆக, வயலோ குளமோ வெளிவிடும் அளவு என்பது உண்டாக்குபவைக்கும் தின்பவைக்கும் நடக்கும் போட்டியின் மீதி. சுற்றுச்சூழலில் எது மாறினாலும் இந்த இரண்டு பக்கத்தில் எதைத் தொடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உலகின் பல இடத்து அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 0 பாகை செல்சியஸிலிருந்து 30 பாகைக்குப் போனால் மீத்தேன் வெளியீடு ஐம்பது மடங்குக்கு மேல் கூடும் என்று தெரியவந்தது. ஒளிச்சேர்க்கையெல்லாம் வெப்பத்துக்கு இந்த அளவு துள்ளுவதில்லை. சைபீரியாவில் உறைந்த மண் இளகுவதைப் பற்றி உலகம் பதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நம் ஊர்க் குளத்துத் தண்ணீர் ஏற்கெனவே 28, 30 பாகையில்தான் நிற்கிறது. இன்னும் ஒரு பாகை ஏறினால் கூடும், மறுப்பதற்கில்லை. என்றாலும் எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் இங்கே கணக்கைத் தீர்மானிக்கிறது.

அண்மைக்கால அனுபவமும் அதையே சொல்கிறது. 1983-ல் முறையான அளவீடு தொடங்கியதிலிருந்து காற்றில் மீத்தேன் மிக வேகமாகக் கூடியது 2020, 2021 ஆண்டுகளில். கொரோனாவால் தொழிற்சாலைகள் முடங்கிய காலத்தில் இது எப்படி என்று எல்லாருக்கும் குழப்பம். அடுத்தடுத்து மூன்று ஆண்டு லா நினா (பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்து உலகின் மழைப்போக்கை மாற்றும் நிலை) நீடித்ததில் ஆப்பிரிக்கா உள்ளிட்ட வெப்பமண்டல ஈரநிலங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெள்ளத்தில் கிடந்தன, கூடுதல் மீத்தேனில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் பலரும் வந்து சேர்ந்த முடிவு. கார்பன் அணுக்களில் எடை கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு (ஐசோடோப்பு என்பார்கள்); காற்றில் உள்ள மீத்தேனில் இலேசான வகையின் பங்கு 2007 முதல் கூடிக்கொண்டே வருகிறது. நுண்ணுயிர் உண்டாக்கும் மீத்தேனின் கைரேகை அது. வாகனப் போக்குவரத்து குறைந்ததால் காற்றில் மீத்தேனைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் குறைந்ததும் ஒரு காரணம். காற்று சுத்தமானதால் மீத்தேன் நீடித்தது என்று கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும், ஆனால் அதுதான் நடந்தது.

குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டும் இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்கும் மாவட்டங்கள் அதிகம் இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் அமைந்ததே அதனால். மழை ஒரே மூச்சில் கொட்டும்போது என்ன ஆகும்? 2021 நவம்பர் வெள்ளத்தில் வாழைத்தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. பந்தி வரிசைப்படி பார்த்தால் நாலைந்து நாள் வெள்ளத்தால் மீத்தேன் பெரிதாக வராது, முன்பந்தியே முடிந்திருக்காது. இரண்டு வாரம் மூன்று வாரம் வடியாமல் கிடந்தால்தான் வினை. அப்படியானால் பார்க்க வேண்டியது எவ்வளவு மழை பெய்தது என்பதோடு, பழைய ஓடைகளும் வடிகால்களும் திறந்திருக்கின்றனவா என்பதும்தான். வயலை மண்ணடித்து வீட்டுமனை ஆக்கும்போது அந்த மனையின் மீத்தேன் நின்றுபோவது உண்மை. அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து விளையில் (தோட்டத்தில்) போய் மாதக்கணக்கில் நிற்கிறது என்பதும் உண்மை.

காற்றில் கரியமில வாயு கூடுவதே மீத்தேனையும் கூட்டுகிறது என்பது பலரும் அறியாத செய்தி. கரியமில வாயு கூடினால் பயிர் செழித்து வேர் வழியாக மண்ணுக்குள் அதிகச் சர்க்கரையைக் கசியவிடும். ஆர்க்கியாவுக்கு அது விருந்து. உலகெங்கும் செய்த சோதனைகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வு, நெல்வயலில் இதனால் மீத்தேன் சுமார் 43 சதவீதமும் இயற்கை ஈரநிலங்களில் 13 சதவீதமும் கூடும் என்று கணக்கிட்டது.

இப்போது குளங்களுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

இந்தச் சின்ன மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் குளங்கள் இருக்கின்றன. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதி சுமார் 94 எக்டேர், வேம்பனூர் சுமார் 20 எக்டேர். இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஈரநிலம் மீத்தேன் விடும் என்பதால் ஈரநிலத்தைக் குறை சொல்வது, மூச்சில் கரியமில வாயு வருகிறது என்று மனிதனைக் குறை சொல்வதைப் போல. குளம் நிலத்தடி நீரை ஊற வைக்கிறது, வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது, கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் இடம் தருகிறது. நல்ல நிலையில் இருக்கும் குளம் கொஞ்சம் மீத்தேன் விடும், பல நூறு ஆண்டுகளாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது கழிவு சேரும் குளத்தைப் பற்றி. நகரத்துச் சாக்கடையும் மேட்டு வயல்களின் யூரியாவும் வந்து சேர்ந்தால் முதலில் பாசி, அப்புறம் ஆகாயத்தாமரை. மேலே பச்சைப் பாய் விரித்ததும் காற்றின் ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்க வழியில்லை. உள்ளே செத்து விழும் இலையும் வேரும் அடியில் படிந்து மட்கும். உணவும் தயார், ஆக்சிஜனும் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர் வேறு. மீத்தேன் ஆலை ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டினாலும் இதைவிட நேர்த்தியாக வராது. ஆழம் குறைந்த குளம் என்றால் இன்னும் மோசம், அடியில் கிளம்பும் குமிழியைத் தின்பவை பிடிப்பதற்குள் அது மேலே வந்துவிடும். ஒரு காலத்தில் வள்ளம் ஓடிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் பல இடங்களில் இன்று இருக்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலக அளவிலும் சிறிய, ஆழமில்லாத, சத்து மிகுந்த நீர்நிலைகள் தங்கள் பரப்புக்கு மீறிய அளவில் மீத்தேன் விடுகின்றன. வயலை விட்டுவிட்டு வேறு எங்கே கைவைக்கலாம் என்று கேட்டால், என் பதில் சாக்கடை குளத்தில் விழும் இடம்.

கடலோரத்தில் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. மணக்குடிக் காயலில் கடல் ஏறி வரும்போது சல்ஃபேட் பந்திக்குச் சாப்பாடு தீர்வதே இல்லை, கடைசிப் பந்திக்கு இலை விழுவது அரிது. அதனால் உப்புத் தண்ணீர்ச் சேறும் அலையாத்திக் காடும் நன்னீர்ச் சதுப்பைவிடப் பொதுவாகக் குறைவாகவே மீத்தேன் விடும், முற்றிலும் நின்றுவிடாது. அழுகின முட்டை நாற்றம் இந்தச் சல்ஃபேட் கூட்டத்தின் வேலை. கதம்பையை (தேங்காய் மட்டையை) ஊறப்போட்ட காயலோரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்போமே, அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீத்தேனுக்கு வாசனை இல்லாததால் இந்த விஷயத்தில் மூக்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. பழையாற்றில் தண்ணீர் குறைந்து பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்) மண்மேடிட்டு அடைபட்டுக் கிடந்தால் கடல் வருவது நிற்கும், மேலிருந்து வரும் கழிவு தங்கும், சல்ஃபேட் மெல்லத் தீரும். அப்போது அதே காயல் குளத்தைப் போல நடக்கத் தொடங்கும். மறுபக்கம், கடல் மட்டம் உயர்ந்து உப்பு உள்ளே ஏறினால் மீத்தேன் குறையலாம். வயலும் குடிநீரும் கெட்ட பிறகு கிடைக்கும் அந்த லாபத்தை யார் கேட்டார்கள்?

மலைப்பக்கம் கணக்கே தலைகீழ். நல்ல வடிகால் உள்ள காட்டு மண் காற்றிலிருந்து மீத்தேனை உறிஞ்சிக்கொள்ளும். இப்படி வடிகால் உள்ள மண்ணெல்லாம் உலகம் முழுக்கச் சேர்த்து உறிஞ்சுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டன். கீரிப்பாறை, மாறாமலைக் காட்டு மண்ணும் இந்த வேலையைச் செய்யக்கூடிய வகைதான். சுமத்ராவிலும் யுனானிலும் அளந்தபோது, காட்டை அழித்து ரப்பர் வைத்த இடங்களில் மண் உறிஞ்சும் அளவு குறைந்திருந்தது. ரப்பர் மூடிய நம் மேற்குப் பகுதிக்கு இது பொருந்திப் போகும் என்றே நினைக்கிறேன். உரமும் இதில் குறுக்கிடும். மீத்தேனைப் பிடிக்கும் நொதி, உரத்திலிருந்து வரும், உருவத்தில் மீத்தேனை ஒத்திருக்கும் அம்மோனியாவைப் பார்த்து ஏமாந்துவிடுகிறது.

வயலுக்கு என்ன வழி? வேளாண் துறையினர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எப்போதும் தண்ணீர் கட்டாமல், மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை தண்ணீர் இறங்க விட்டு மறுபடி பாய்ச்சுவது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு வைத்தால் மட்டம் தெரிந்துவிடும். மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது, சரியாகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனால் கூட்டிக் கழித்தால் லாபம்தான். காகிதத்தில் எல்லாம் சரி. வயலில் இறங்கினால் சிக்கல் தொடங்குகிறது. கும்பப்பூ நட்ட சமயத்தில் ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருக்கும், காயவிடுவது நம் கையில் இல்லை. கோதையாறு பாசனத்தில் சானல் தண்ணீர் முறை வைத்து வரும். அனந்தனார் சானலின் கடைமடையில் இருப்பவரிடம் வயலை வாடவிடச் சொன்னால், அடுத்த முறை தண்ணீர் வந்து சேருமா என்றுதான் முதலில் கேட்பார். வந்த தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்வது அவருடைய காப்பீடு. தண்ணீர் வரும் நாள் உறுதி என்றால் காய்ச்சலும் பாய்ச்சலும் தானாக நடக்கும்.

இயற்கை விவசாயம் செய்யும் நண்பர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பச்சை வைக்கோலையும் தழையையும் தொழியில் மிதித்து உடனே நட்டால் மீத்தேன் நன்றாகவே எகிறும். அதையே முன்கூட்டி மட்க வைத்துப் போட்டாலோ, அறுப்பு முடிந்ததும் ஈரமில்லாத மண்ணில் உழுது விட்டாலோ அவ்வளவு வராது. தழை கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போது போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

குளத்துக்கும் இப்படி ஒரு பழைய பழக்கம் இருந்தது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றும்போது அடி வண்டலை வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வயலிலும் தென்னை மூட்டிலும் தட்டுவார்கள். உரத்துக்காகச் செய்ததுதான், மீத்தேன் என்ற பெயரைக்கூட யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கடைசிப் பந்தியின் சோற்றுப் பானையையே அடியோடு தூக்கி வெயிலில் கவிழ்த்த மாதிரி அது. வண்டல் எடுக்க அரசு அனுமதி இப்போதும் கிடைக்கிறது. ஆனால் அதற்குக் குளம் ஒரு மாதமாவது வற்ற வேண்டும். சாக்கடை விழும் குளங்கள் சித்திரையிலும் வற்றுவதில்லை.